முகத்தில் கதவு வைத்த கப்பல்

வீடு மாற்றியவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். சாமான் லாரி புது வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. நல்ல நேரம் முடிய இன்னும் இருபது நிமிடம்தான். பால் காய்ச்ச வேண்டும். அடுப்பும் பால் பாத்திரமும் எங்கே என்று தேடினால், காலையில் முதல் ஆளாக அவற்றைத்தான் ஏற்றியிருக்கிறோம். பீரோ, கட்டில், மெத்தை, புத்தக மூட்டை எல்லாம் தாண்டி லாரியின் அடிமூலையில் கிடக்கின்றன. முதலில் வேண்டியதைக் கடைசியில் ஏற்றியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைக்கிறது.

படைகளைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் அந்நியக் கரையில் இறக்கியவர்கள் 2,500 ஆண்டுகளாக இதே சிக்கலோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு நேரம் தவறினால் உயிர் போகும். அந்தச் சிக்கலுக்கு மனிதர்கள் கண்ட விடைகளில் மிகப் பழையதும் மிக எளியதும் ஒரு கதவு. கப்பலின் உடம்பிலேயே கதவை வெட்டி, அதைக் கீழே சாய்த்துப் பலகையாக்கி, உள்ளே இருப்பது தன் காலிலோ சக்கரத்திலோ தானே இறங்கிப் போகும்படி செய்துவிடுவது. போர்ப் படம் பார்த்த எவருக்கும் அந்தக் கதவு தெரியும்: சதுர மூக்குப் படகு கரையில் முட்டுகிறது, முன்சுவர் அப்படியே கீழே விழுகிறது, வீரர்கள் தண்ணீரில் குதித்து ஓடுகிறார்கள். அந்த முன்சுவர் அங்கே வந்து சேர்ந்த வழி நீளமானது.

அது குதிரைகளிடமிருந்து தொடங்குகிறது. மனிதன் படகிலிருந்து குதித்துவிடுவான், குதிரை குதிக்காது. பாரசீக மன்னர் தாரியஸ் கி.மு. 490-இல் கிரேக்கத்தின்மேல் படை அனுப்புமுன், கடலோரக் குடிமக்களைக் குதிரை ஏற்றும் கப்பல்கள் கட்டச் சொன்னார் என்று ஹெரடோட்டஸ் எழுதுகிறார். மாரத்தான் சமவெளிக்குப் போன படை அது. அறுபது ஆண்டு கழித்து ஏதென்ஸ் அதையே சிக்கனமாகச் செய்தது. கி.மு. 430-இல் பெரிக்ளிஸ் பழைய போர்க்கப்பல்களைப் பிரித்து மாற்றி, 300 குதிரைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஏதென்ஸ் இப்படிச் செய்தது அதுவே முதல்முறை என்று தூசிடிடீஸ் குறித்துவைத்திருக்கிறார். புதுக் கப்பல் கட்டக் காசில்லாதபோது பழையதன் வயிற்றை மாற்றிக்கொள்ளும் இந்த வழக்கத்தை வரலாறு நெடுகப் பார்க்கப் போகிறோம்.

கி.பி. 960-இல் கதவு தன் முழு வேடத்தில் மேடையேறியது. பைசாந்தியத் தளபதி நிகெஃபோரஸ் ஃபோகாஸ், அரபுகளிடமிருந்து கிரீட் தீவை மீட்கப் போனார். கரையில் அணிவகுத்து நின்ற எதிரிகள், கப்பல் நின்று, ஆள் இறங்கி, குதிரையை இழுத்து, சேணம் கட்டி முடிக்க நேரமாகும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். ஆனால் கப்பல்களிலிருந்து சாய்தளங்கள் மணலில் இறங்கின. கவசம் பூண்ட வீரர்கள் குதிரை மேலேயே உட்கார்ந்தபடி கடலிலிருந்து நிலத்துக்கு வந்தார்கள். எதிரிகள் திகைத்துப் போனதாக அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் லியோ எழுதியிருக்கிறார். கரையில் அணிவகுக்கும் நேரத்தை ஃபோகாஸ் கப்பலுக்குள்ளேயே செலவழித்து முடித்திருந்தார். இதைத்தான் நல்ல ஏற்பாடு என்பேன்.

அடுத்து வெனிஸ். வணிகர்களின் நகரம் அது, போரையும் கணக்குப் புத்தகத்தில்தான் எழுதும். 1201-இல் நான்காம் சிலுவைப் போருக்கான தூதர்கள் அங்கே போய் ஒப்பந்தம் போட்டார்கள்: 4,500 குதிரை, 4,500 பெருவீரர், 9,000 உதவி வீரர், 20,000 காலாள். கட்டணம் 85,000 மார்க் வெள்ளி. வெனிஸ் தன் மற்ற வணிகத்தையெல்லாம் ஒதுக்கிவைத்துக் கப்பல் கட்டித் தீர்த்தது. மறு ஆண்டு வந்து சேர்ந்தவர்களோ அதில் மூன்றிலொரு பங்கு. இருந்த வெள்ளித் தட்டு வரை கொட்டியும் 34,000 மார்க் குறைந்தது. ஆயிரம் பேர் வருவார்கள் என்று இலை போட்டுச் சமைத்து, முந்நூறு பேரே வந்த கல்யாண வீட்டின் நிலை. கடனுக்கு ஈடாக வெனிஸ் சொன்ன வேலையைச் செய்வதென்று முடிவானது. ஜாரா என்ற கிறிஸ்தவ நகரத்தைத் தாக்கினார்கள். அங்கிருந்து போய் 1204-இல் கான்ஸ்டான்டினோபிளையே சூறையாடினார்கள். எகிப்துக்குக் கிளம்பிய படை, ஆள்கணக்கைத் தப்பாகப் போட்டதால் தன் மதத்தவர்களின் தலைநகரைக் கொள்ளையிட்டது. தளவாட வரலாற்றில் இதைவிடக் கொடிய கணக்குப் பிழை எனக்குத் தெரியாது.

அந்தக் கப்பல்களிலும் கதவு இருந்தது. பெயரே அதுதான்: பிரெஞ்சில் ‘உய்’ என்றால் கதவு, கதவுள்ள குதிரைக் கப்பல் ‘உய்சியே’. 1203-இல் கான்ஸ்டான்டினோபிளுக்கு எதிரே இருந்த கலாட்டா கரையில் அந்தக் கதவுகள் திறந்து பாலம்போல் விழுந்தன. இதே வேரில் பிறந்த இன்னொரு ‘உய்சியே’ வாயிற்காவலன். 2022 வரை பிரான்சில் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவரும் அலுவலருக்கும் அதுவே பெயர். ஆங்கிலத்தில் திருமண மண்டபத்திலும் திரையரங்கிலும் இடம் காட்டுகிறவரை ‘அஷர்’ என்கிறார்களே, அதுவும் அந்தக் கதவின் பேரப்பிள்ளைதான்.

ஜோன்வில் என்ற பிரெஞ்சுப் பிரபு 1248 ஆகஸ்டில் மார்செய் துறையில் கப்பலேறினார். கதவைத் திறந்து குதிரைகளை உள்ளே விட்டார்கள், பிறகு மூடினார்கள், பீப்பாயை அடைப்பதுபோல இண்டு இடுக்கெல்லாம் நன்றாக அடைத்தார்கள் என்று அவர் எழுதுகிறார். கப்பல் கடலுக்குள் போனதும் அந்தக் கதவு முழுக்கத் தண்ணீருக்கடியில் இருக்கும் என்று காரணமும் சொல்கிறார். உயிர்காக்கும் அந்த ஒரு வேலையை அவர் நின்று பார்த்திருக்கிறார். இந்த அடைப்பு வேலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எழுநூற்று நாற்பது ஆண்டு கழித்து அது திரும்ப வரும்.

பின்பு சில நூற்றாண்டுகள் கதவு காணாமல் போனது. கப்பல்கள் பெருத்தன, ஆழமாக மிதந்தன, பக்கவாட்டில் பீரங்கிகள் வந்தன. குதிரையை வயிற்றில் பட்டை கட்டித் தூக்கி இறக்கினார்கள். கப்பல் கரைக்கு வர முடியாததால், நடுவே ஒரு தரகன் தேவைப்பட்டான்: படகு. 1757-இல் பிரான்சின் ரோஷ்ஃபோர் மேல் போன பிரிட்டிஷ் படை ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்த அவமானத்தில், மறு ஆண்டே தட்டையடிப் படகுகளைக் கட்டினார்கள்.

நம் ஊரில் இந்தத் தரகன் அன்றாட வேலைக்காரன். சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளுநரானாலும் அரிசி மூட்டையானாலும் மசூலா படகில்தான் கரைக்கு வரவேண்டும். அந்தப் படகில் ஆணியே கிடையாது. மெல்லிய பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணியடித்த இறுக்கமான படகை அலை தரையில் மோதினால் உடையும். தைத்த படகோ நெளிந்து கொடுக்கும். கடைசி அலையின் முதுகில் ஏறி மணலில் போய் உட்காரும் வித்தையை அந்தப் படகோட்டிகள் தினமும் செய்தார்கள். துறைமுகமில்லாத கரையில் சரக்கு இறக்குவது எப்படி என்பதற்கு அவர்கள்தான் அன்றைய பேராசிரியர்கள். 1876-இல் துறைமுகம் கட்டத் தொடங்கி, 1881 புயலில் அது சிதைந்தபோது, மசூலாக்கள் தங்கள் வேலையைத் தொடர்ந்தன.

1847 மார்ச்சில் அமெரிக்கத் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட் மெக்சிகோவின் வெராக்ரூஸ் அருகே இறங்கினார். அவர் கொண்டுபோன அலைப்படகுகள் மூன்று அளவில் கட்டப்பட்டவை. படி, உழக்கு, ஆழாக்கு அளவைகளை ஒன்றுக்குள் ஒன்று வைப்பதுபோல் அடுக்கிக் கப்பலில் ஏற்றினார்கள். வேண்டிய எண்ணிக்கையில் பாதிதான் வந்து சேர்ந்தது என்றாலும், ஒரே நாளில் 8,000-க்கும் மேற்பட்டோர் ஓர் உயிரிழப்பும் இல்லாமல் கரையேறினார்கள். படகை வடிவமைக்கும்போதே அதை ஏற்றிச்செல்லும் கப்பலின் இடத்தையும் யோசித்தவர்களின் வெற்றி அது.

இனி வருவது யோசிக்காதவர்களின் கதை. 1914 நவம்பரில், இன்றைய தான்சானியாவின் டாங்கா துறையைப் பிடிக்க இந்தியாவிலிருந்து சுமார் 8,000 பேர் கொண்ட படை போனது. அதில் பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-ஆம் காலாட்படையும் இருந்தது. பம்பாயிலிருந்து நெருக்கியடித்த கப்பல்களில் வாரக்கணக்கில் கிடந்து, கடல்நோயில் துவண்டு, அறிமுகமில்லாத தளபதிகளின் கீழ், அறிமுகமில்லாத கரையில் அவர்களை இறக்கினார்கள். எதிரே ஏறத்தாழ ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். சுட்ட சத்தத்தில் கலைந்த காட்டுத் தேனீக்கள் வேறு இரு தரப்பையும் கொட்டின. மூன்று நாளில் படை கப்பலுக்குத் திரும்பியது. நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளையும் இயந்திரத் துப்பாக்கிகளையும் லட்சக்கணக்கான தோட்டாக்களையும் கரையிலேயே விட்டுவிட்டது. ஜெர்மானியத் தளபதி லெட்டோ-வோர்பெக்குக்கு அந்தச் சரக்கு நெடுநாள் உதவியது. பாளையங்கோட்டைப் பெயர்கொண்ட படையைப் பிற்காலத்தில் பலர் பழித்தார்கள். அந்த வீரர்களைவிட அவர்களை ஏற்றி அனுப்பிய விதத்தைப் பழித்திருக்க வேண்டும்.

ஆறு மாதத்தில் கலிப்போலி. துருக்கியின் அந்தத் தீபகற்பத்தை எடுக்கக் கிளம்பிய பிரிட்டிஷ் கப்பல்கள் இங்கிலாந்தில் எப்படி ஏற்றப்பட்டன தெரியுமா? இடம் வீணாகாமல். சரக்குக் கப்பல் முதலாளிக்கு அது சரியான முறை. படைக்கோ, வண்டி ஒரு கப்பலில், அதை இழுக்கும் குதிரை இன்னொன்றில். குண்டு ஒரு கப்பலில், அதன் வெடிமுனை வேறொன்றில். லெம்னோஸ் தீவில் அவற்றைப் பிரித்து அடுக்கத் துறைமேடை இல்லை. எனவே அத்தனையும் எகிப்தின் அலெக்சாண்டிரியாவுக்குத் திரும்பிப் போய், இறக்கி, மறுபடி ஏற்றப்பட்டன. மார்ச் 18-இல் கடற்படைத் தாக்குதல் தோற்றது. ஏப்ரல் 25-இல்தான் படை இறங்கியது. இடைப்பட்ட ஐந்து வாரத்தில் துருக்கியர்கள் அகழி தோண்டி முள்கம்பி கட்டி முடித்திருந்தார்கள்.

அன்று கதவு திரும்பி வந்தது, அவசரக் கோலத்தில். கமாண்டர் எட்வர்ட் அன்வின், ‘ரிவர் கிளைட்’ என்ற பழைய நிலக்கரிக் கப்பலின் பக்கங்களில் ஓட்டை வெட்டி, இரண்டாயிரம் பேரை உள்ளே ஒளித்து, வேண்டுமென்றே கரையில் முட்டவிட்டார். ட்ராய் நகரத்து மரக்குதிரையின் கதை நடந்த இடம் நீரிணைக்கு அக்கரையில்தான். ஆனால் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே பாலமாக நிற்க வேண்டிய தோணிகள் நீரோட்டத்தில் நழுவின. அன்வினே தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு வழியே வெளியே வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுடப்பட்டு விழுந்தார்கள். கதவு இருந்தது, அதிலிருந்து மணல் வரைக்குமான சில கெஜம் மட்டும் திட்டத்தில் விட்டுப்போயிருந்தது. அந்தக் கப்பல் பின்னர் மீட்கப்பட்டு, ஸ்பெயினில் வேறு பெயர்களில் 1966 வரை சரக்கு சுமந்தது.

நான்கே மாதத்தில் அந்தச் சில கெஜத்துக்கும் விடை வந்தது. கடற்படைத் தலைவர் ஃபிஷர் உத்தரவிட்டிருந்த 200 இயந்திரத் தோணிகள், ஆகஸ்டில் சுவ்லா கரைக்கு வந்தன. கறுப்பு உடம்பு, முன்னால் கொம்புபோல் நீட்டிய கழிகளில் தொங்கும் சாய்தளம். வீரர்கள் ‘வண்டு’ என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொன்றும் ஐந்நூறு பேரை இறக்கும். படகின் முன்பகுதியைக் கடலோர மக்கள் அணியம் என்பார்கள். அந்த அணியத்திலேயே கதவு வந்து உட்கார்ந்தது அங்கேதான். அப்படியும் சுவ்லாவில் குடிதண்ணீர் சரியான நேரத்துக்குக் கரை வரவில்லை. நா வறண்ட படை நகராமல் கிடந்தது.

போர் முடிந்ததும் வெற்றி பெற்ற நாடுகள் கலிப்போலியை மறக்கப் பார்த்தன. அதை ஊன்றிப் படித்தவர்களில் ஜப்பானியத் தரைப்படை முக்கியமானது. அவர்கள் கட்டிய படகுக்கு ‘தைஹாட்சு’ என்று பெயர். ‘பெரிய இயந்திரப் படகு’ என்பதன் சுருக்கம். அதே பெயரில் கார் செய்யும் நிறுவனம் வேறு. அங்கே ‘தை’ ஒசாகா நகரத்தின் பெயரிலிருந்து வருகிறது. ஏறத்தாழ 14 மீட்டர் நீளமான அந்தப் படகின் தட்டை முகம் முழுதும் இரும்புக் கதவு.

1937-இல் ஷாங்காய் அருகே ஜப்பானியர்கள் இறங்கியபோது, விக்டர் க்ருலாக் என்ற இளம் அமெரிக்க மரீன் (கடல்வழி இறங்கும் படை) அதிகாரி தூரத்திலிருந்து அந்தப் படகைப் படமெடுத்தார். வரைபடத்தோடு வாஷிங்டனுக்கு அறிக்கை அனுப்பினார். இரண்டு ஆண்டு கழித்து ஊர் திரும்பித் தேடினால், அறிக்கை ஒரு அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. சீனாவில் இருக்கும் யாரோ ஒரு பித்தன் அனுப்பியது என்று ஓரத்தில் குறிப்பு வேறு. இதைப் பிற்காலத்தில் க்ருலாக்கே சொல்லியிருக்கிறார். அவர் சோர்ந்துவிடவில்லை, மரத்தில் ஒரு சிறு மாதிரி செய்துகொண்டு மேலதிகாரிகளின் கதவைத் தட்டினார்.

அந்தப் படம் போய்ச் சேர்ந்த கைகள் ஒரு மர வியாபாரியுடையவை. நியூ ஆர்லியன்ஸின் ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ், லூசியானா சதுப்பு நிலத்தில் தோலுக்காக விலங்கு பிடிப்பவர்களுக்கும் எண்ணெய் தேடுபவர்களுக்கும் படகு கட்டி விற்றவர். அந்தப் படகு முழங்கால் ஆழத் தண்ணீரில் ஓடும், கட்டைமேல் ஏறி இறங்கும், கரையில் முட்டிவிட்டுத் தானே பின்வாங்கும். படகை உந்தும் விசிறி ஒரு குடைவுக்குள் பத்திரமாக இருக்கும். ஒரே ஒரு குறை, வீரர்கள் பக்கச்சுவர் மேல் ஏறித்தான் குதிக்க வேண்டும். 1941 வசந்தத்தில் தைஹாட்சுவின் படத்தைக் காட்டினார்கள். ஹிக்கின்ஸ் தன் படகு ஒன்றின் மூக்கை வெட்டியெறிந்து கதவு பொருத்தச் சொன்னார். மே மாதத்திலேயே பான்சார்ட்ரெயின் ஏரியில் சோதனை நடந்தது. 36 அடிப் படகு, 36 வீரர். போர் முடிவதற்குள் இருபதாயிரத்துக்கு மேல் கட்டினார்கள். ஜப்பானியக் கதவும் சதுப்புநிலப் படகும் சேர்ந்த அந்தப் பிறவி, ஜப்பான் பிடித்துவைத்திருந்த தீவுகளின் கரைக்கே போனது.

படகு கிடைத்துவிட்டது. ஏற்றும் பாடம் இன்னும் பாக்கி. 1942 ஜூலை, நியூசிலாந்தின் வெலிங்டன் துறை. முதலாம் மரீன் டிவிஷனின் சரக்கு அமெரிக்காவிலிருந்து, மறுபடியும், இடம் வீணாகாத வணிக முறையில் ஏற்றி வந்திருந்தது. சில வாரத்தில் குவாடல்கனால் தீவில் இறங்க வேண்டும். அத்தனையும் இறக்கி, போருக்கு வேண்டிய வரிசையில் திரும்ப ஏற்ற வேண்டும். வீரர்களே மூன்று முறை வைத்து இரவு பகலாக மூட்டை தூக்கினார்கள். குளிர்கால மழை விடவில்லை. அட்டைப்பெட்டிகள் ஊறிக் கிழிந்தன. சோளச் செதில்கள் கூழாகித் துறைமேடை முழுக்கக் காலில் மிதிபட்டன. டப்பாக்களின் மேலிருந்த தாள் கழன்று, எது பருப்பு எது பழம் என்று தெரியாமல் போனது. தொண்ணூறு நாள் சரக்குக்குப் பதிலாக அறுபது நாளுக்கானதே ஏறியது.

ஆகஸ்ட் 7-இல் இறங்கியபோது எதிர்ப்பு அதிகமில்லை. ஆனால் கரையில் மூட்டை தூக்க ஆள் ஒதுக்க மறந்திருந்தார்கள். படகுகள் வரிசை கட்டிக் காத்துக்கிடந்தன. மணலில் பெட்டிகள் மலையாகக் குவிந்தன. இரண்டு நாளில் கடற்போரில் காவல் கப்பல்கள் அடிபட்டதும், சரக்குக் கப்பல்கள் பாதிச் சரக்கோடு போய்விட்டன. கரையில் விடப்பட்ட மரீன்கள் நாளைக்கு இரண்டு வேளைதான் சாப்பிட்டார்கள், அதிலும் ஒரு பகுதி எதிரி விட்டுப்போன அரிசி. அதன்பின் கரைக்கென்றே ஒரு தனிப்படை, தனித் தலைவர், தனி அடையாளம் என்று விதி வந்தது. இறக்குபவன் எண்ணிக்கை இறங்குபவன் எண்ணிக்கைக்குள் அடங்காது என்று கற்றுக்கொண்டார்கள்.

மறு ஆண்டு நவம்பரில் தராவா தீவு. பவளப்பாறைமேல் எதிர்பார்த்த அளவு ஓதம் ஏறவில்லை. ஹிக்கின்ஸ் படகுகள் பாறையில் தட்டி நின்றன. வீரர்கள் நூற்றுக்கணக்கான கெஜம் குண்டு மழையில் நடந்து வந்தார்கள். பாறையைத் தாண்டியவை சங்கிலிச் சக்கர வண்டிகள் மட்டும். அவற்றின் மூலம், புளோரிடாச் சதுப்பில் புயலில் சிக்கியவர்களை மீட்பதற்காக டொனால்ட் ரோப்லிங் செய்த ‘முதலை’ வண்டி. புரூக்ளின் பாலம் கட்டிய குடும்பத்துப் பிள்ளை அவர். 1937-இல் ஒரு பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துத்தான் மரீன்கள் அவரைத் தேடிப் போனார்கள்.

பெரிய கதவின் கதை வெனிசுவேலாவில் தொடங்குகிறது. டன்கிர்க்கிலிருந்து தப்பி வந்த பிரிட்டனுக்குப் பீரங்கி வண்டிகளை நேரே கரையில் இறக்கும் கப்பல் வேண்டும். மராகைபோ ஏரியின் ஆழமில்லாத வாயைக் கடக்கவென்று கட்டிய எண்ணெய்க் கப்பல்கள் மூன்று கிடைத்தன. மூக்கை வெட்டிக் கதவு வைத்தார்கள், பெரிக்ளிஸின் தந்திரமேதான். ஆனால் கடல் கடக்க ஆழமான கப்பல் வேண்டும், கரை தொட ஆழமில்லாதது வேண்டும். இரண்டும் ஒன்றாக எப்படி? 1941 நவம்பரில் அமெரிக்கப் பொறியாளர் ஜான் நீடர்மயர் ஒரே தாளில் விடையை வரைந்தார். கப்பலின் வயிற்றில் தொட்டிகள். கடலில் அவற்றில் நீர் நிரப்பு, கப்பல் ஆழ்ந்து நிலைநிற்கும். கரை நெருங்கும்போது இறைத்துவிடு, மேலெழும். அதுதான் எல்.எஸ்.டி., அதாவது பீரங்கி வண்டி இறக்கும் கப்பல். 328 அடி நீளம். கடலையே பார்க்காத இல்லினாய், இந்தியானா ஆற்றங்கரைகளில் பலவற்றைக் கட்டி, மிசிசிப்பி வழியாக மிதக்கவிட்டார்கள். மொத்தம் ஆயிரத்துக்கும் மேல்.

ஆயிரமும் போதவில்லை. நார்மண்டி இறக்கம் மே மாதத்திலிருந்து ஜூனுக்குத் தள்ளிப்போனதற்கு, ஒரு மாத உற்பத்திப் படகுகள் கூடுதலாகக் கிடைக்கும் என்பதும் காரணம். நமக்கு அருகிலும் அந்தப் பற்றாக்குறை தொட்டது. 1942 முதல் ஜப்பான் வசமிருந்த அந்தமானை மீட்க ஒரு திட்டம் தயாராயிருந்தது. கெய்ரோ மாநாட்டில் ரூஸ்வெல்ட் சீனத் தலைவர் சியாங்குக்கு வாக்கும் கொடுத்தார். சில நாளில், 1943 டிசம்பரில், கதவுக் கப்பல்கள் ஐரோப்பாவுக்கு வேண்டுமென்று திட்டம் கைவிடப்பட்டது. அந்தமான் மக்கள் கொடுமையையும் பசியையும் தாங்கி 1945 அக்டோபர் வரை காத்திருந்தார்கள். எங்கோ ஒரு மேசையில் கப்பல் எண்ணிக்கை குறைந்தால் ஒரு தீவின் தலைவிதி மாறும்.

நார்மண்டிக்கு மிதக்கும் துறைமுகங்களையே இழுத்துப் போனார்கள், பெரும் செலவில். ஜூன் 19-இல் எழுந்த புயல் மூன்று நாள் அடித்தது. அமெரிக்கர்களின் துறைமுகம் சிதைந்துபோனது. அதன்பின் எல்.எஸ்.டி.க்களை ஓதம் ஏறும்போது மணலில் ஏற்றி, வற்றியதும் கதவைத் திறந்து, உலர்ந்த தரையில் வண்டிகளை ஓட்டி இறக்கினார்கள். நினைத்ததைவிட அதிகச் சரக்கு அந்த வெறும் மணல் வழியாகவே போனது. மசூலாக்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்காது. 1950-இல் கொரியாவின் இஞ்சோனிலும் இதே வேலையை இதே கப்பல்கள் செய்தன. அவற்றில் பலவற்றை ஓட்டியவர்கள் ஜப்பானிய மாலுமிகள்.

போர் முடிந்தது, கதவுக் கப்பல்கள் சும்மா கிடந்தன. ஃபிராங்க் பஸ்டர்ட் என்ற பழைய கப்பல் கம்பெனிக்காரர், போர்க்காலத்தில் எல்.எஸ்.டி. சோதனையைப் பார்த்திருந்தார். 1946-இல் மூன்றை வாடகைக்கு எடுத்து, டில்பரியிலிருந்து ராட்டர்டாமுக்கு வண்டிகளை ஏற்றினார். 1948-இல் பிரஸ்டனிலிருந்து வட அயர்லாந்தின் லார்னுக்கு லாரிகள் சரக்கோடு ஏறி, சரக்கோடு இறங்கின. பளு தூக்கி வேண்டாம், மூட்டை தூக்க வேண்டாம். இன்று எண்ணூர் துறைமுகத்தில், நம் ஆலைகளில் செய்த கார்கள் வரிசையாகச் சாய்தளத்தில் ஏறிக் கப்பலின் வயிற்றுக்குள் மறைவதைப் பார்க்கலாம். பஸ்டர்ட் தொடங்கிய வணிகத்தின் நீட்சி அது.

போர்க்கரையில் பழைய தவறுகள் மறையவில்லை. 1971 டிசம்பரில் காக்ஸ் பஜார் கரையில் இந்தியப் படையை இறக்கியபோது, கரையின் சரிவை யாரும் முன்கூட்டி அளக்கவில்லை. கப்பல் தட்டிய மணல்திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஆழம் இருந்தது. இறங்கிய கூர்க்கா வீரர்களில் சிலர் மூழ்கினார்கள். 1982-இல் பிரிட்டன் பால்க்லாந்துக்குப் போனபோது, நான்கு சினூக் ஹெலிகாப்டர்களை ஒரே சரக்குக் கப்பலில் ஏற்றியது. ஏவுகணை பட்டு மூன்று எரிந்தன, காலாள் நடந்தே தீவைக் கடந்தது. ஜூன் 8-இல் ‘சர் கலாஹட்’ கப்பலில் வீரர்கள் இறங்கத் தாமதமானதற்கு ஒரு காரணம், அவர்களை எடுக்க வந்த படகின் சாய்தளம் பழுதானது. விமானங்கள் வந்தன. 48 பேர் இறந்தார்கள்.

ஆனால் இந்தக் கதவு பலி வாங்கியது போரில் மட்டுமல்ல, அமைதியான ஒரு மாலையிலும்தான். 1987 மார்ச் 6, பெல்ஜியத்தின் ஸீபுருகே துறை. ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ என்ற பயணிக் கப்பல், கார்களோடும் குடும்பங்களோடும் கிளம்பியது, முகத்துக் கதவு திறந்தபடி. மூட வேண்டியவர் அறையில் தூங்கிப்போயிருந்தார். மூடியதா என்று பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. கப்பல் தலைவரின் மேடையில் அதைக் காட்ட ஒரு விளக்குகூட இல்லை. அப்படியொரு விளக்கு வேண்டுமென்று தலைவர்கள் முன்பே கேட்டிருந்தார்கள், கம்பெனி மறுத்திருந்தது. வண்டித்தளத்தில் தண்ணீர் புகுந்து சில நிமிடங்களில் கப்பல் சாய்ந்தது. 193 பேர். ஏழு ஆண்டு கழித்து பால்டிக் கடலில் ‘எஸ்டோனியா’ கப்பலின் முகத்து மூடியை அலை பிய்த்தெறிந்தது. 852 பேர். மார்செய் துறையில் பீப்பாயை அடைப்பதுபோல் கதவை அடைத்த அந்தப் பெயரில்லாத மாலுமிகளை இந்த இடத்தில் நன்றியோடு நினைக்கிறேன்.

இன்று வண்டியும் பயணியும் ஏறும் கப்பல்களில், கதவு முழுதாக மூடிப் பூட்டாவிட்டால் தலைவரின் மேடையில் விளக்கு எரிந்து எச்சரிக்கை ஒலிக்க வேண்டும் என்பது உலகச் சட்டம்.